நான் நேற்றுதானே வந்தேன்

"கொலுசைக் கழற்றிவிடுங்கள் அம்மா" என்பதுதான் தொலைக்காட்சி என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

1984-ஆம் வருடம். சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தொலைக்காட்சி நிலையத்துக்கு நடிப்புத் தேர்வுக்காகப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளருக்கு நான் பேசியது எதுவும் கேட்கவில்லையாம். என் கால் மட்டும்தான் கேட்டதாம். நானோ சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தவரின் மகள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கொலுசில்லாமல் நடந்து பழக்கமில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை வெறுங்காலோடு வெளியே வந்தால், "ஏன், பட்டறையில் வேலை இல்லையா?" என்று அப்பனை விசாரிப்பார்கள்.

கழற்றினேன். இரண்டும் சேர்ந்து 200 கிராமுக்குக் குறையாது. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றால், கால் எடையே இல்லாமல் தானாகத் தூக்கிக்கொண்டு போகிறது. மூன்றடி நடந்து வந்து வசனத்தைத் தொடங்க வேண்டும். நான் ஐந்தடி நடந்து, மேஜையில் இடித்து, அதன்மேல் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தேன். தேர்வுக் குழுவில் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அது புருஷன் செத்த செய்தி கேட்டு அழுகிற காட்சி.

நான் நகைச்சுவை நடிகையானது இப்படித்தான்.

இப்போது எனக்கு 68 வயது. நடிப்பதை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; முகத்தைப் பார்த்தால் "எங்கேயோ பார்த்திருக்கிறேனே, நீங்கள் எல்.ஐ.சி.யில் இருந்தீர்களா?" என்பார்கள். வாயைத் திறந்து அரைக்கிலோ கத்தரிக்காய் என்று கேட்டால் போதும். அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் தராசைப் பிடித்திருக்கிற கை அப்படியே நின்றுவிடும். "அக்கா, நீங்கள் அந்த வேலைக்காரியா?" பிறகு அந்த ஆளே என் வசனத்தை எனக்குச் சொல்லிக் காட்டுவார். "எனக்கென்ன தெரியும், நான் நேற்றுதானே வந்தேன்?" பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். நானும் சிரிக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வசனத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது என் வசனம் இல்லை. எழுத்தாளர் எழுதியதும் இல்லை.

அப்பாவின் பட்டறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும். வெள்ளி எங்களுடையதல்ல, வியாபாரியுடையது. காலையில் அவர் எடை போட்டுக் கட்டியாகக் கொடுப்பார். உருக்கி, கம்பியாக இழுத்து, சங்கிலி பின்னி, பொடி தூவிப் பற்றவைத்து, முத்துக் கோத்து, மெருகேற்றி, கொலுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த எடைக்கும் திரும்பிய எடைக்கும் நடுவில் இவ்வளவு சேதாரம் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் அப்பாவின் கூலியில் கை வைப்பார்கள். அதனால் பட்டறையில் தூசுகூடத் தூசு இல்லை. அரம் போட்ட தூள், துடைத்த துணி, கை கழுவிய தண்ணீர் எல்லாவற்றிலும் வெள்ளி இருக்கும். தரையைக் கூட்டுவதற்கென்றே ஓர் ஆள். கூட்டிய மண்ணைச் சலித்து, டப்பாவில் போட்டு, மாதம் ஒருமுறை உருக்குவார்கள்.

அந்த வேலையைப் பார்த்தவர் ஓர் அக்கா. குகைப் பக்கமிருந்து நடந்தே வருவார். நெட்டையான, எலும்பும் தோலுமான உடம்பு. வாய் நிறைய வெற்றிலை. பன்னிரண்டு வருடமாக எங்கள் பட்டறையில் கூட்டினார் என்பது பிறகு நான் போட்ட கணக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவர் இருந்தார். துடைப்பத்தின் ஓசையில்தான் தினமும் விழிப்பேன்.

எனக்குப் பத்தோ பதினொன்றோ வயது. ஒரு நாள் மாலை எடை போட்டால் இருபது கிராமோ என்னவோ குறைகிறது. அப்பா முதலில் தராசைத் திட்டினார். பிறகு ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் சத்தியம் செய்தார்கள், ஒருவர் கோட்டை மாரியம்மன் மேல், ஒருவர் பெற்ற பிள்ளை மேல். கடைசியாக அக்காவைப் பார்த்து, "தூள் எங்கே போனது? உனக்குத் தெரியாமல் இருக்குமா?" என்றார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பட்டறையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "எனக்கென்ன தெரியும், நான் நேற்றுதானே வந்தேன்?" என்றார்.

ஒரு கணம் உலை ஊதுகிறவன்கூட நிறுத்திவிட்டான். பிறகு பட்டறையே வெடித்தது. பற்றவைக்கிற ஆசாரி குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு முதலில் கோபம், பிறகு அவரும் மீசைக்குள் என்னவோ செய்தார். தூள் விவகாரம் அத்தோடு போயிற்று. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐந்து வார்த்தை! அன்று இரவே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வெற்றிலை இல்லாததால் கொய்யாக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

கல்யாணம் 1978-இல். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, பெரம்பூரில் குடித்தனம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் தாய்வீட்டுக்கு வருவதும் போவதுமாக இருந்தேன். (அந்த ரயில் ஏற்காட்டுக்குப் போகாது. ஈரோட்டில் புறப்பட்டுச் சேலம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. மலையில் தண்டவாளமே கிடையாது. வெளியூர்க்காரர் ஒருவர் ஏற்காட்டுக்கே டிக்கெட் கேட்டுச் சூரமங்கலம் ஸ்டேஷனில் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.) வீட்டுக்காரர் அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் திரை இழுப்பவர். ஒருநாள் நடிக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல், நான் ஏறினேன். அதன் பிறகு அவர் திரை இழுக்க, நான் நடித்தேன். சபா நாடகங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, இட்லி நன்றாக இருக்கும்.

தொலைக்காட்சி நிலையத்தில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் பக்கத்து வீட்டு மாமி, சீட்டுப் பிடிக்கிற அம்மாள், ரேஷன் கடை வரிசையில் சண்டை போடுகிறவள். பலமுறை ஒத்திகை பார்ப்பார்கள். ஸ்டுடியோவில் விளக்குச் சூட்டில் பவுடர் வழியும். மூன்று காமிராக்கள் ஒரே சமயத்தில் ஓடும். நடுவில் தப்பு செய்தால் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் தப்பே செய்ய மாட்டோம். சம்பளம் மூன்று இலக்கத்தில், செக்காக வரும். மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும். அந்தச் செக்கின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நாடகங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அப்போதெல்லாம் டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்த டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்துவிடுவார்கள். என் சீட்டுக் கம்பெனி அம்மாளின் மேல் யாருடைய பேட்டியோ, எந்த ஊர் நெற்பயிரோ ஏறி உட்கார்ந்திருக்கும். அண்ணன் சேலத்தில் மொட்டைமாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடித்தும், என் அம்மா கடைசிவரை என்னைப் புள்ளிமழைக்குள்தான் பார்த்தாள். "நீ தெரிகிறாய், ஆனால் தெரியவில்லை" என்று சொன்னாள்.

1993 சித்திரை முதல் நாள் சன் டிவி தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் இன்னும் சில தனியார் சேனல்கள் வந்தன. தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி வாரத்தில் அரைமணி நேரத்தை வாங்குவார். விளம்பரத்தை அவரே பிடித்துக்கொள்வார். பதின்மூன்று வாரம் ஓடிப் பார்க்கும், பிடித்தால் நீளும். விளம்பரம் போக மிச்சம் இருபத்திரண்டு நிமிடம். இந்த ஏற்பாட்டில் நகைச்சுவைத் தொடருக்கு ஒரு மவுசு இருந்தது. ஒரு வீடு, ஐந்தாறு பேர், ஒரு சோபா போதும். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தால் மாதத்தில் ஆறேழு நாளில் நான்கு வாரத்தையும் எடுத்து முடித்துவிடலாம்.

1997-இல் அப்படி ஒரு தொடரில் வேலைக்காரி வேடம். தொடரின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். எடுத்தவுடன் டப்பிங்தான் என்றார்கள். அப்படியானால் ஸ்பாட்டில் கொலுசு போடலாம் என்று மகிழ்ச்சியாகப் போட்டுக்கொண்டு போனேன். உடை பார்க்கிறவர் என் காலைப் பார்த்துவிட்டு, "வேலைக்காரிக்கு வெள்ளிக் கொலுசா? கழற்றுங்கள்" என்றார்.

மூன்றாவது வாரம். காப்பிப் பொடி காணவில்லை என்று வீட்டு எஜமானி கத்த வேண்டும். நான் "தெரியாதுங்க அம்மா" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்த வேலைக்காரி அந்த வீட்டில் பதினெட்டு வருடமாக இருப்பதாகக் கதை. ஒத்திகையில் நான் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டேன். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், கண்ணை அகல விரித்தேன். "எனக்கென்ன தெரியும், நான் நேற்றுதானே வந்தேன்?" லைட்மேன் பலகையிலிருந்து விழப் பார்த்தான். இயக்குநர், "இதை ஒவ்வொரு வாரமும் வைத்துக்கொள்வோம்" என்றார்.

வைத்துக்கொண்டோம். எஜமானருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா என்று போலீஸ் கேட்டாலும் அதே பதில். இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்தவளே நீதானே என்றாலும் அதே பதில். வாராவாரம் அஞ்சலட்டைகள் வரும். நாமக்கல்லிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், வீட்டுப்பாடம் கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு சண்டை தெரியுமா? அந்தக் காலத்தில் பல படப்பிடிப்புகளில் பிராம்ப்டிங்தான் வழக்கம். உதவி இயக்குநர் காமிராவுக்குப் பின்னால் நின்று வசனத்தைச் சத்தமாகப் படிப்பார். நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். மனப்பாடம் செய்ய நேரமில்லாத இடத்தில் அது நல்ல உதவிதான், ஆனால் நகைச்சுவைக்கு விஷம். எல்லோரும் அந்த உதவி இயக்குநரின் மூச்சில் பேசுவார்கள். கோபக்காரனும் கஞ்சனும் காதலியும் ஒரே வேகம். எனக்குப் பிராம்ப்ட் வேண்டாம் என்றேன். திமிர் என்றார்கள். எழுதியதை முந்தின இரவே வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். படிப்பதற்கு மின்சார ரயிலில் பெரம்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை நேரம் சரியாக இருக்கும், நடுவில் மாறி ஏற வேண்டும் என்பதால் ஒரு காட்சி குறையும்.

அடுத்த எதிரி எடிட்டர். கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் நான் இரண்டு நொடி விடுவேன். அந்த இரண்டு நொடியில்தான் வீட்டில் இருப்பவர்கள் "சொல்லப் போகிறாள் பார்" என்று ஒருவரையொருவர் இடிக்கிறார்கள். எடிட்டருக்கு அது இருபத்திரண்டு நிமிடத்தில் வீணான இரண்டு நொடி. வெட்டிவிடுவார். வெட்டியது போதாதென்று, பதிலின்மேல் டப்பாச் சிரிப்பை, அதாவது எங்கோ பதிவு செய்து வைத்த சிரிப்பை, ஏற்றுவார், நான் முடிப்பதற்குள் யாரோ நாற்பது வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஊரிலிருந்து வரும்போது ஒரு டின் நிறையத் தட்டுவடை கொண்டு போனேன். பீட்ரூட், கேரட்டைத் துருவி, இரண்டு சட்னியையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்துப்போய், எடிட்டிங் அறையிலேயே செட் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வட்டுக்கு நடுவில் காயை வைத்து அழுத்தி ஒரே வாயில் போட வேண்டும்; பாதி கடித்தால் மடியெல்லாம் சிந்தும், கீபோர்டில் சிந்தினால் இன்னும் மோசம். அந்த வாரத்திலிருந்து என் இரண்டு நொடி திரும்பி வந்தது. சேலத்துக்காரர்கள் மாம்பழம் கொடுத்துத்தான் காரியம் சாதிப்பார்கள் என்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

அறுபது வாரத்துக்கு மேல் ஓடியது. கடைசிப் பதினோரு வாரத்துக்குச் சம்பளம் வரவில்லை. தயாரிப்பாளர், "அடுத்த தொடரில் சேர்த்துத் தருகிறேன் அம்மா" என்றார். அடுத்த தொடர் வரவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயரை எழுதாததன் காரணம் இதுதான். வேறொரு கம்பெனிக்குப் போனேன். "எங்கள் கம்பெனிக்கு நீங்கள் புதுசுதானே அம்மா, முதலில் இந்தத் தொகையில் தொடங்குவோம்" என்றார்கள். அடுத்த கம்பெனியிலும் அதே பேச்சு. பதினைந்து வருடம் அனுபவமுள்ள புதுமுகமாக நான் கோடம்பாக்கத்தில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

2000 வாக்கில் தினசரித் தொடர்கள் வந்து எல்லாவற்றையும் விழுங்கின. வாரம் ஐந்து நாள் அழுகிற கதைக்குக் கிடைக்கிற விளம்பரம், வாரம் ஒருநாள் சிரிக்கிற கதைக்குக் கிடைக்காது. கணக்கு அவ்வளவு எளிது. யாரையும் குறை சொல்ல முடியாது. அவற்றிலும் வேலைக்காரி வேண்டும், கூப்பிட்டார்கள். காப்பித் தட்டோடு வந்து, சண்டையைப் பார்த்துத் திகைத்து, தட்டைக் கீழே போட வேண்டும். நான் போட்டால் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள் என்று, வேறு பெண்ணைப் போட வைத்தார்கள். அதற்குப் பிறகு மேடைச் சிரிப்பு நிகழ்ச்சிகளின் காலம். அங்கே மாமியாரும் வேலைக்காரியும் சேலை கட்டின இளைஞர்கள். எங்களைப் போன்றவர்களின் வேலைக்கு உண்மையில் உலை வைத்தது அதுதான் என்பது என் கட்சி. அழுகைத் தொடரில்கூட ஒரு பெண் வேடத்துக்குப் பெண்ணைத்தான் தேட வேண்டும். சிரிப்புக்கு அது தேவையில்லை, ஆணே சேலை கட்டினால் பாதிச் சிரிப்பு சேலையிலேயே வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருமுறை விருந்தினராகப் போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் என்னையே நடித்துக் காட்டினான். நடை என்னைவிட நன்றாக இருந்தது. வசனத்தை மட்டும் அவசரமாகச் சொன்னான். அந்தப் பையனிடம் போய் இரண்டு நொடியைப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

2011-இல் நிறுத்தினேன். வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு ரயில்வே பென்ஷன். எனக்கு நாமக்கல் ஆசிரியரின் அஞ்சலட்டை. சேலத்துக்கே வந்துவிட்டோம்.

இந்த ஜனவரியில்தான் அக்கா உயிரோடு இருப்பது தெரிந்தது. பட்டறையில் முத்துக் கோத்துக்கொண்டிருந்தவரின் மகள் ஒரு கல்யாணத்தில் சொன்னாள்: அக்கா ஏற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார், மகளும் பேத்தியும் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். மறுநாளே கிளம்பினேன். வீட்டுக்காரர், "என்னவென்று சொல்வாய்?" என்றார். தெரியவில்லை. ஒரு ஜோடி கொலுசும் ஒரு சேலையும் வாங்கிக்கொண்டேன். கொலுசு வாங்கிய கடையில் என் குரலைக் கேட்டு வசனத்தைச் சொன்னார்கள். வழக்கம்போலச் சிரித்தேன்.

ஏற்காடு பஸ் போகிற பாதையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய கம்பெனி. நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடத்தில் மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். நடனக் காட்சிகளுக்குத் தாத்தா சலங்கை செய்து கொடுத்ததாக அப்பா சொல்வார். ரசீது கிடையாது. அதற்கப்பால் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். சிறுவயதில் ஒவ்வொரு எண்ணையும் கத்திப் படிப்போம். பதினான்காவது வளைவில் தவறாமல் வாந்தி எடுப்பேன். இந்தமுறை எடுக்கவில்லை.

அறுவடைக் காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே செடிகளில் காப்பிப் பழம் சிவந்து கிடந்தது. அக்கா தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். இன்னும் நெட்டை, இப்போது மடித்து வைத்த நெட்டை. கண் சரியாகத் தெரியவில்லை. "யார்?" என்றார். செவ்வாய்ப்பேட்டை பட்டறை வீட்டுப் பெண் என்றேன். குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"என் பேச்சை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போனவளா?"

பார்த்திருக்கிறார். குகையில் யார் வீட்டிலோ டிவியில் பார்த்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னிப்பு மாதிரி ஏதோ தொடங்கினேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"எடுத்தது இருக்கட்டும் கண்ணு. தப்பாக அல்லவா சொல்கிறாய்? கண்ணை எதற்கு அப்படி விரிக்கிறாய்?"

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் ஒரு வருடம் முடித்தவர்களுக்குத் தீபாவளிக்கு ஒரு மாதக் கூலியும் புதுத்துணியும் உண்டு. ஆசாரிகளுக்குக் கிடைக்கும். கூட்டுகிறவளுக்கும் கொடுக்க வேண்டாம் என்று, ஒவ்வொரு புரட்டாசியிலும் அப்பா சம்பள நோட்டில் அக்காவின் பெயரை அடித்துவிடுவார். தீபாவளி கழிந்ததும் புதிதாக வந்தவள் என்று மறுபடி எழுதுவார். பன்னிரண்டு வருடம் பன்னிரண்டு முறை எழுதியிருக்கிறார். தூள் குறைந்ததற்கு முந்தின நாள்தான் அந்த வருடம் பெயரை எழுதியிருந்தார். அக்கா பட்டறையைச் சுற்றிப் பார்க்கவில்லை. நோட்டு வைத்திருந்த மாடத்தைப் பார்த்திருக்கிறார். ஆசாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அதற்கு. அப்பா மீசைக்குள் செய்தது, சிரிப்பாக இருந்திருக்காது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பெண்ணுக்கு, கண்ணை விரித்துக்கொண்டு பொய் சொல்கிற ஒரு வெகுளி மட்டும் தெரிந்திருக்கிறாள். அறுபது வாரம் அவளைத்தான் நடித்தேன்.

"அடுத்த தீபாவளிக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு சேலை வந்தது. கூலி வரவில்லை" என்றார். "மறு வருடம் நானே நின்றுகொண்டேன்."

கொலுசை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டி, விரலால் பற்றவைப்பைத் தடவிப் பார்த்தார். "மெஷின் வேலை" என்று பேத்தியிடம் கொடுத்துவிட்டார். சேலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள் அக்கா" என்றேன்.

"எனக்கு வெற்றிலை வேண்டும்."

பேத்தி மடித்துக் கொடுத்தாள். அக்கா நிதானமாக மென்றார். அவருக்கு எதிரில் நின்று, அப்பாவின் குரலில், தூள் எங்கே போனது, உனக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டேன். பழக்கதோஷம், மனதுக்குள் நொடியை எண்ணினேன். இரண்டு போனது. மூன்று. நான்கு. முகத்தில் எதுவும் அசையவில்லை. கண்மட்டும் மெதுவாக நகர்ந்து, எதிர்ச் சுவரில் இல்லாத ஒரு மாடத்தில் போய் நின்றது. ஐந்தாவது நொடியில், உப்பு விலை சொல்வதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னார்.

எந்த எடிட்டரும் ஐந்து நொடி தர மாட்டார், எத்தனை டின் தட்டுவடை கொடுத்தாலும்.

"இப்போது நீ சொல்" என்றார். சொன்னேன். கண்ணை விரிக்காமல், குரலைத் தாழ்த்தி. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"இன்னும் விரிக்கிறாய்" என்றார்.

கீழே தோட்டத்தில் பறித்த பழத்தை எடை போடக் கூப்பிடும் விசில் கேட்டது. மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அக்கா என்னை எதிரில் சரியாக உட்காரச் சொல்லிவிட்டு, "மறுபடி" என்றார்.